நடுவயதும் அளவு நாடாவும்

ஸ்திரீகளின் சரீரத்தில் ஏற்படும் மாறுதலை முதலில் கண்டுபிடிப்பவர் வைத்தியர் அல்லர், தையற்காரர். சென்ற தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை இந்தப் பொங்கலுக்குக் கொக்கி மாட்ட மறுக்கிறது. "அளவு ரவிக்கை கொண்டுவந்தீர்களா, அம்மா?" என்று கேட்டு வாங்கும் தையற்காரர், அதை மேஜையின் மேல் விரித்துப் பார்க்கிறார், நிமிர்ந்து நம்மையும் ஒரு முறை பார்க்கிறார், பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் இரு பக்கமும் அரை அங்குலம் கூட்டிக் கோடு போடுகிறார். அவருக்கு நாகரிகம் தெரியும். வீட்டிலுள்ளவர்களுக்கும் கல்யாண வீட்டுக்கு வரும் உறவினருக்கும் அவ்வளவு நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது.

நாற்பதைத் தாண்டிய ஒரு ஸ்திரீ பருமனாகிவிட்டால், உலகம் அவளுக்கு மூன்று விதமான உபதேசங்களைச் செய்கிறது. "வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான், ஜீரண அக்கினி மந்தித்துவிடும்" என்பது ஒன்று. "வாயைக் கட்டு" என்பது மற்றொன்று. "எங்கள் பாட்டி அம்மியும் உரலுமாக உழைத்தாள், உங்களுக்கு எல்லாம் மெஷின்" என்பது மூன்றாவது. மூன்றையும் நானும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினிகள் கூடும் அறையில் பரீட்சைத் தாள்களுக்கு அடுத்தபடியாக அதிகமாகப் பேசப்படும் விஷயம் இதுதான். இந்த மூன்று உபதேசங்களிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று சற்றுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வு என்று இந்திய சர்க்கார் சில வருஷங்களுக்கு ஒரு முறை நடத்தும் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. 2015-16-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 30.9 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தார்கள். 2019-21-இல் அது 40.4 ஆகிவிட்டது. தேசம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 24 தான். ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடினார்கள் என்றால், அத்தனை பேருக்கும் திடீரென்று வாய்க்கட்டுப்பாடு போய்விட்டது என்று நம்புவது கஷ்டம். இதைப் பணக்கார வீட்டு வியாதி என்று சொல்லிக் கழிப்பதும் இனிமேல் நடவாது. மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு மகளிர் பெட்டிக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்த்தாலே போதும். கையில் சாப்பாட்டுப் பையும் தோளில் கைப்பையுமாக, கணக்கு எழுதவும், சாமான் விற்கவும், தையல் மெஷின் ஓட்டவும் பட்டணம் போகிறவர்கள் அவர்கள். அவர்களில் யாரும் ஜமீன்தாரிணி அல்ல.

நிற்க. முதல் உபதேசத்துக்கு வருவோம். நாற்பது வயதில் உடம்பின் அக்கினி மந்தமாகிவிடுகிறது என்பதைப் படித்தவர்கள்கூட நெடுங்காலமாக நம்பி வந்தார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. இருபத்தொன்பது நாடுகளைச் சேர்ந்த ஆறாயிரத்து நானூறு பேருக்கு மேல், பிறந்து எட்டே நாளான சிசு முதல் 95 வயதுக் கிழவர்கள் வரை, தினமும் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறார்கள் என்று அதில் கணக்கிட்டார்கள். கணக்கிட்ட முறை ரசமானது. சாதாரணத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் பதிலாக அவற்றைவிடச் சற்றுக் கனமான அணுக்களைக் கொண்ட தண்ணீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கனமான ஹைட்ரஜன் உடம்பை விட்டுத் தண்ணீராக மட்டுமே வெளியேறும். கனமான ஆக்ஸிஜனோ தண்ணீராகவும் வெளியேறும், மூச்சில் விடும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாட்கள் சிறுநீரைப் பரிசோதித்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டால், மூச்சில் எவ்வளவு கரியமில வாயு போயிற்று, ஆகவே உடம்பில் எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துவிடும். மனிதரைக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை; அவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் கணக்கில் தெரிந்தது என்ன? உடம்பின் கொழுப்பை நீக்கிவிட்டு, தசை முதலிய மற்ற பாகங்களின் கனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இருபது வயதிலிருந்து அறுபது வயது வரை அக்கினி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிகிறது. அறுபதுக்குப் பிறகுதான் வருஷத்துக்கு நூற்றில் முக்கால் பங்கு வீதம் குறைய ஆரம்பிக்கிறது. ஸ்திரீகளுக்கும் புருஷர்களுக்கும் இந்த விஷயத்தில் பேதம் இல்லை. ஆகவே, "அக்கினி மந்தித்துவிட்டது" என்று நாற்பத்திரண்டு வயதில் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் போதாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். தசையின் கனத்தோடு ஒப்பிட்டால் என்றுதானே சொன்னார்கள்? தசையே குறைந்துபோனால்? அடுப்பு அதே அடுப்புத்தான். ஆனால் நாலு அடுப்பு எரிந்த இடத்தில் மூன்றுதான் எரிகிறது என்றால், விறகு மிஞ்சத்தான் செய்யும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் அதுதான் நடக்கிறது. அமெரிக்காவில் 1990-களின் நடுவே தொடங்கி, பல இனத்தைச் சேர்ந்த நடுவயது ஸ்திரீகளை வருஷா வருஷம் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். அதிலிருந்து 2019-இல் வெளியிட்ட ஒரு பகுதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாதவிடாய் நிற்கப் போகும் பருவத்தில் எடை திடீரென்று வேகமாக ஏறுவதில்லை. முன்போலவே மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் தராசு காட்டாத இடத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. கொழுப்புச் சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அதுவரை குறையாமல் இருந்த தசை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு வருஷம் கழியும் வரையில் இந்தப் பண்டமாற்று நடந்து, பிறகு ஓய்கிறது. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்பதால் தராசின் முள் அதிகம் அசையாது. "எடை அப்படியேதான் இருக்கிறது, ரவிக்கை மட்டும் ஏன் பிடிக்கிறது?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு விடை இதுதான். அந்த ஆராய்ச்சியில் நம் நாட்டு ஸ்திரீகள் தனிப் பிரிவாகச் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாறுதலுக்குக் காரணம் கருப்பையின் இரு பக்கத்திலும் உள்ள சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் குறைவது. ஈஸ்ட்ரோஜன் நிறைய இருக்கும் வரையில் உடம்பு கொழுப்பை இடுப்பின் புறத்திலும் தொடையிலும் சேமிக்கிறது. கர்ப்ப காலத்துக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் வேண்டிய தானியக் குதிர் அது. அதனால் பெரிய கெடுதல் இல்லை. சுரப்பு குறைந்ததும் சேமிப்பு அறை மாறுகிறது: வயிற்றுக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்புச் சேருகிறது. இந்த உட்கொழுப்பு சும்மா இருக்கும் சரக்கு அல்ல. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தும் இன்சுலின், இதன் காரணமாகத் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போகிறது. சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், இருதய வியாதி எல்லாவற்றுக்கும் இங்கேதான் வாசற்படி.

நம்மவர்களுக்கு இதில் ஒரு துர்ப்பாக்கியம் உண்டு. 2004-இல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் படம் வெளியாயிற்று. ஒருவர் புனாவைச் சேர்ந்த யாக்னிக்; மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, யாக்னிக்குக்கு 21.2 பங்கு! மெலிந்து தோன்றும் இந்தியரின் தோலுக்குள் பருமனான ஆசாமி ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஆகையால்தான் நம் நாட்டில் எடையைவிட இடுப்பளவை நம்பச் சொல்கிறார்கள். ஸ்திரீகளுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம்; அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. தையற்காரர் வைத்திருக்கும் நாடாவே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேல் அளந்தால் வியாபாரிக்குத்தான் லாபம்.

மேல்நாட்டு ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரி ஐம்பத்தொன்று. நம் நாட்டில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு. நாலைந்து வருஷ காலம் முன்னதாகவே இந்த மாறுதல் நம்மை வந்து அடைகிறது. அது என்ன வயது? மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயது. இளைய பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கும் வயது. மாமியார் படுக்கையில் விழும் வயது. இரவில் திடீரென்று உடம்பெல்லாம் அனல் வீசி வியர்த்துத் தூக்கம் கலைகிறது. விடியற்காலை நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அதிகரிக்கிறது, அதிலும் தித்திப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் செல்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் இரவு முறை வேலைக்குப் போகிறவர்களின் கஷ்டம் இன்னும் ஒரு படி அதிகம். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் "வாயைக் கட்டு" என்று சொல்வது எளிது.

இனி அம்மி, உரல் விஷயம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சொல்கிறவர்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. மீஞ்சூரைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் வயல்களே பிரதானம். நாற்று நடுவதும் களை எடுப்பதும் ஸ்திரீகளின் வேலை. நாள் முழுவதும் குனிந்து நிமிரும் வேலை. 1960-களில் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் ஆராய்ந்து, இங்கே நிலத்தடியில் நல்ல தண்ணீர் இருக்கிறதென்று கண்டு, சென்னைப் பட்டணத்துக்காகக் கிணறுகள் தோண்டினார்கள். பட்டணம் குடித்தது, தொழிற்சாலைகள் குடித்தன, வயலும் குடித்தது. எடுத்த தண்ணீருக்குப் பதிலாகக் கடல் உள்ளே புகுந்தது. கிணறுகள் உவர்ப்பாயின. கடைசியில் அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கென்று 2010-இல் ஓர் ஆலையைத் திறந்தார்கள்! நிலத்தடி நீர் போனது போல வயல் வேலையும் போயிற்று. தாய் நாற்று நட்டாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிறாள். தாய்க்குக் கிடைத்த கூலியைவிட மகளுக்குச் சம்பளம் அதிகம், அவமானம் குறைவு. மகளைத் திரும்பவும் சேற்றில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே திருவள்ளூர் ஜில்லாவில் உள்ள காக்களூரில்தான், மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாக வழங்கும் திட்டத்தை அப்போதைய முதல் மந்திரி ஜெயலலிதா ஆரம்பித்து வைத்தார். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்துக்குப் போயின. போனது நல்லதே என்பது என் அபிப்பிராயம். உலக்கை பிடித்த கையில் காய்ப்பு இருந்தது; புஸ்தகம் இருக்கவில்லை. அந்தக் காலத்துப் பாட்டிமார் மெலிந்திருந்தது வாஸ்தவம். பத்துப் பிரசவமும், அரை வயிற்று ஆகாரமும், இரத்தக் குறைவும் அதற்குக் காரணம் என்பதைப் பெருமை பேசுகிறவர்கள் சொல்வதில்லை. அம்மியைப் புகழ்ந்து பேசும் புருஷர்களில் அதை ஒரு நாளாவது இழுத்தவர்களை நான் கண்டதில்லை.

ஆனபோதிலும் இயந்திரம் எடுத்துக்கொண்ட உழைப்புக்குப் பதிலாக உடம்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் அல்லவா? மிக்ஸி மிச்சப்படுத்திய அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் அது வேறொரு வேலைக்குப் போயிற்று. அவளுக்கென்று மிஞ்சவில்லை. இதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன்.

ஆகாரத்துக்கு வருவோம். நம் இலையில் அரிசிச் சோறு மலைபோலவும் மற்றவை அடிவாரம் போலவும் இருப்பது வழக்கம். 2001-இல் தொடங்கிச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சியில், பட்டணவாசிகள் உண்ணும் சக்தியில் ஏறக்குறையப் பாதி, தீட்டிய அரிசி முதலிய தவிடு போன தானியங்களிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. தீட்டிய அரிசியைப் பற்றிய விவாதம் நமக்குப் புதிதல்ல. குன்னூரில் 1918-இல் மெக்காரிஸன் துரை ஒற்றை அறையில் 'பெரிபெரி' வியாதியைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிலையமாக இருக்கிறது. காந்தியடிகள் 1934-இல் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்திக் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். இன்று அதே அரிசி, சர்க்கரை வியாதிக்காரர்களின் கடையில் உயர்ந்த விலைக்கு விற்கிறது. தவிடு நீக்காத அரிசி கொடுத்தபோது, சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2014-இல் சென்னையில் செய்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. சிறிய ஆராய்ச்சிதான், ஆனாலும் நம் ஊர்ச் சோற்றை வைத்தே செய்தது. ஒன்று சொல்ல வேண்டும்: எந்த அரிசியானாலும் மலை மலையாகச் சாப்பிட்டால் மலையேதான்.

வாயைக் கட்டும் உபதேசத்தைச் சிரமேற்கொண்ட சகோதரிகள் செய்வது என்ன? காலைப் பலகாரத்தை விட்டுவிடுகிறார்கள். மத்தியானம் இரண்டு கரண்டி சோறும் ரசமும். சாயங்காலம் பசி தாங்காமல் காப்பியும் பிஸ்கத்தும். இரவு, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் தின்பது. இந்தப் பட்டினியில் முதலில் கரைவது கொழுப்பு மட்டும் என்று எண்ணக் கூடாது. தசையும் சேர்ந்து கரைகிறது. ஏற்கெனவே குறைந்து வரும் தசையை நாமே இன்னும் குறைத்துக்கொள்கிறோம். மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கி, அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏறினால், ஏறிய ஐந்தில் பெரும் பங்கு கொழுப்பாகவே இருக்கும்.

வேண்டியது புரதச் சத்து. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள ஸ்திரீக்குத் தினம் ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்று ஹைதராபாத் நிலையத்தார் 2020-இல் வெளியிட்ட அட்டவணை சொல்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம்; நூறு கிராம் பச்சைப் பயற்றில் இருபத்து நாலு கிராம். பழவேற்காட்டிலிருந்து மடவையும் இறாலும் வரும் ஊர் நம்முடையது. ஆனால் மீன் குழம்பு வைத்த அன்று யார் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு மூன்று, பிள்ளைக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று; சமைத்தவளுக்குக் குழம்பு! சைவர்கள் வீட்டில் சாம்பாரின் அடியில் உள்ள பருப்பு முதல் பந்தியோடு தீர்ந்துவிடுகிறது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு மேலோட்டத் தெளிவுதான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிடும் குழந்தைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுக்கிறார்கள். வீட்டில் அந்தக் குழந்தையின் தாய்க்கு யாரும் எண்ணுவதில்லை.

எண்ணெயையும் ஒரு முறை எண்ணிவிடலாம். உட்கார்ந்து வேலை செய்யும் ஸ்திரீக்கு நாளொன்றுக்கு 20 கிராம், புருஷருக்கு 25 கிராம் எண்ணெய் போதும் என்பது அதே நிலையத்தாரின் கணக்கு. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மூன்று லிட்டர் போதுமானது. ஐந்து லிட்டர் டின் வாங்கி மாதக் கடைசியில் அடுத்த டின் திறக்கும் வீடானால், ஆளுக்குத் தினம் 38 கிராம் ஆகிறது. இதைக் கண்டுபிடிக்க வைத்தியரிடம் போக வேண்டியதில்லை. மளிகைக் கடைக் கணக்கு நோட்டே போதும்.

தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது என்றும் சொல்கிறார்கள். பளு தூக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிரிக்க வேண்டாம்! கர்லாக்கட்டை சுழற்றச் சொல்லவில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருப்பது, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கைக்கொன்றாகத் தலைக்குமேல் உயர்த்துவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிறவர்கள் பாதி வேலையை முன்பே செய்துவிடுகிறார்கள். ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டுகிறவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

இதனாலெல்லாம் எடை இறங்குமா என்று கேட்பீர்கள். சிலருக்கு இறங்கும், பலருக்கு அதிகம் இறங்காது. ஆனால் மனம் தளர வேண்டாம் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் வாசலில் நிற்கும் 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தினம் அரை மணி நடையும் ஆகாரத் திருத்தமும் சொல்லிக் கொடுத்தார்கள். முடிவு 2006-இல் வெளியாயிற்று. உபதேசம் பெறாதவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. இத்தனைக்கும் நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை! தராசு நகராதபோதும் உள்ளே காரியம் நடந்துகொண்டிருந்தது. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் இரண்டே மாதத்தில் நடையை நிறுத்தியிருக்கிறார்கள்!

பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடலாகாது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி ஒன்றில், தேசத்தில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை வியாதியும், இன்னும் 15.3 பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கண்டார்கள். முன்நிலையில் வலி இல்லை, அடையாளம் இல்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் "போய்விட்டது" என்று சொல்லப்பட்டவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்; நடுவயதில் அது திரும்பி வருவது சகஜம். வட சென்னைக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு: டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் சர்க்கரை வியாதிக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது நம் ரயில் போகும் வழியில் உள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். இன்று அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊர்ப் பெண்களே தொண்டர்களாக வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் வரும்போது, "மாமியாருக்குப் பாருங்கள், அவருக்குப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவது நம் வழக்கம். கையை நீட்டிவிட்டு அப்புறம் போகலாம்.

பருமனுக்கெல்லாம் வயதே காரணம் என்று தீர்மானித்துவிடவும் கூடாது. தைராய்டு சுரப்பி சோம்பினாலும் களைப்பும் எடையும் கூடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு எல்லா மாறுதலும் படிப்படியாக வராமல் ஒரேயடியாக வரும். அதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நலம். அனல் வீசுவதற்குத் தரும் ஹார்மோன் மருந்து இளைப்பதற்கான மருந்து அல்ல. 2025-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த வாரம் ஒரு முறை போடும் இளைப்பு ஊசிகளைப் பற்றியும் இப்போது பேச்சு அதிகமாக இருக்கிறது. அவை பலன் தருகின்றன என்பதில் சந்தேகமில்லை. கொழுப்போடு தசையும் கரைகிறது, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பவற்றிலும் சந்தேகமில்லை. வைத்தியர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் கூடாது.

கடைசியாக நடப்பதற்கு இடம். அரை மணி நேரம் நட என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே நடப்பது என்று யாரும் சொல்வதில்லை. திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி, பஞ்செட்டி போகும் பெரிய சாலையில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சக்கரம் ஓர் ஆள் உயரம் இருக்கிறது. விடியற்காலையில் நடக்கலாம் என்றால் நாய். அந்தி சாய்ந்த பின் என்றால் இருட்டு. மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறவர்கள் பாக்கியசாலிகள்; மொட்டை மாடி சொந்தக்காரருடையது என்றால் அதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானம் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்துடையது. மாலை ஐந்து மணிக்கு மேல் அதில் ஒரு ஜீவன் இராது. ஐந்திலிருந்து ஆறரை வரை ஸ்திரீகளுக்கென்று திறந்துவிட்டால் என்ன? பெற்றோர் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும். தலைமை உபாத்தியாயர் சம்மதிக்க வேண்டும். வாசலில் ஒரு விளக்குப் போட வேண்டும். இதில் எதுவும் லட்ச ரூபாய்க் காரியம் அல்ல. சாவியை யார் வைத்துக்கொள்வது, வாட்சுமேன் வீட்டுக்குப் போய்விட்டால் யார் பூட்டுவது என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்து உபாத்தியாயினிகள் நாலைந்து பேர், வாரத்துக்கு ஒருத்தியாகச் சாவியை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு மனு எழுதியிருக்கிறோம்.